யார் எழுதியது என்ற ஒரு மதிப்பெண் கேள்வி

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை எழுதியவர் யார்? ஒரு மதிப்பெண் கேள்வி. விடை: டாக்டர் அம்பேத்கர். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து டிஎன்பிஎஸ்சி கைடு வரைக்கும் கூடவே வருகிற கேள்வி இது. விடையில் தப்பு எதுவும் இல்லை. எனக்குப் பிரச்சினை கேள்வியோடுதான்.

ஏன்னு சொல்றேன். நவம்பர் 26-ஐ 2015-லிருந்து அரசியலமைப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த வாரம் வந்தால் போதும், என் கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்துவிடும். "அரசியலமைப்பை உண்மையில் எழுதியவர் பி.என். ராவ், மறைக்கப்பட்ட வரலாறு" என்று தொடங்கும். கீழே சண்டை. ஒரு பக்கம் "அம்பேத்கர்தான் எழுதினார்" என்பார்கள், இன்னொரு பக்கம் "ராவ்தான்" என்பார்கள். அந்தச் சண்டைக்குள் சாதி இருக்கிறது என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இரண்டு பக்கத்தினரும் படித்தவர்கள், எல்லோரும் அந்த ஒரு மதிப்பெண்ணை வாங்கியவர்கள். பிரச்சினையே அதுதான். ஒரு பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவனிடம் இன்னொரு பெயரைக் கொண்டுவந்து நீட்டினால், அவனிடம் பதில் சொல்ல எதுவும் இருப்பதில்லை. கோபம்தான் இருக்கும். நாம் பிள்ளைகளுக்குப் பெயரைக் கொடுத்தோம், நடந்ததைக் கொடுக்கவில்லை.

நான் வரலாற்று ஆசிரியர் இல்லை, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் சில வருடங்களாக வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் நவம்பர் மாசம் ஒரு பீரியட் பேசக் கூப்பிடுகிறார்கள். அதற்காக அரசியல் நிர்ணய சபை விவாதங்களைப் படிக்க ஆரம்பித்து, அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. வகுப்பில் எது எடுபட்டது என்பதையும், அதற்கு முன்னால் ராவ் விஷயத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ராவ் என்ன செய்தார், அம்பேத்கர் என்ன செய்தார்

பெனகல் நரசிங்க ராவ் ஐ.சி.எஸ். அதிகாரி, பெரிய சட்ட அறிஞர். 1946-ல் அரசியல் நிர்ணய சபைக்கு ஆலோசகராக நியமிக்கப்பட்டார். அவர் சபை உறுப்பினர் இல்லை, ஓட்டும் கிடையாது. சபை 1946 டிசம்பர் 9-ல் கூடியது. அடிப்படை உரிமைகள், மத்திய அதிகாரங்கள், மாகாணங்கள் என்று தலைப்புக்கு ஒரு குழு போட்டு அடிப்படை முடிவுகளை எடுத்தார்கள். அந்த முடிவுகளையெல்லாம் சேர்த்து 1947 அக்டோபரில் ஒரு முதல் வரைவைத் தயாரித்தவர் ராவ். 243 பிரிவுகள், 13 அட்டவணைகள். இது முழுக்க உண்மை.

"மறைக்கப்பட்ட" என்பதுதான் பொய். இந்த 243, 13 என்ற கணக்கை சபையில் எழுந்து நின்று சொன்னவரே அம்பேத்கர்தான். 1949 நவம்பர் 25-ல் அவர் பேசிய கடைசிப் பெரிய உரையில், எனக்குத் தரப்படும் பெருமை முழுவதும் எனக்குரியதல்ல, ஒரு பங்கு பி.என். ராவுக்குச் சேரும் என்று சொல்கிறார். அதோடு நிற்காமல், தலைமை வரைவாளராக இருந்த எஸ்.என். முகர்ஜியின் பெயரையும், ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்த ஊழியர்களையும் சொல்கிறார். பிறகு 1960-களில் ராவின் தம்பி பி. சிவா ராவ் அந்த வரைவுகளையும் குறிப்புகளையும் தொகுதி தொகுதியாக அச்சிட்டே வெளியிட்டார். இதைவிடப் பகிரங்கமாக ஒரு விஷயம் இருக்க முடியாது.

சரி, அப்படியென்றால் அம்பேத்கர் என்ன செய்தார்?

1947 ஆகஸ்ட் 29-ல் வரைவுக் குழு அமைக்கப்பட்டது. அம்பேத்கர், என். கோபாலசாமி ஐயங்கார், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கே.எம். முன்ஷி, சையத் முகமது சாதுல்லா, பி.எல். மிட்டர், டி.பி. கைதான் என்று ஏழு பேர். ராவின் வரைவை வரிவரியாகப் பிரித்துப் போட்டு, 1948 பிப்ரவரியில் 315 பிரிவுகள், 8 அட்டவணைகள் கொண்ட புது வரைவாக வெளியிட்டார்கள். ஏழு பேர் என்றாலும் பாரம் ஏழாகப் பிரியவில்லை. பிற்பாடு நிதியமைச்சரான நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5-ல் சபையில் அதைப் போட்டு உடைத்தார். ஒருவர் விலகிவிட்டார், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவருக்கு அரசாங்க வேலை, ஓரிருவர் டெல்லியிலிருந்து தூரத்தில். கடைசியில் சுமை அம்பேத்கர் தலையில் விழுந்தது என்றார்.

அதற்குப் பிறகுதான் நிஜ வேலை. வரைவின் மேல் உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்கள் சுமார் 7,635. அதில் சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. அநேகமாக ஒவ்வொரு பிரிவுக்கும் அம்பேத்கர் எழுந்து, இதை ஏற்கிறேன், இதை ஏற்கவில்லை, காரணம் இது என்று சொல்ல வேண்டும். முடிவில் 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். 1949 நவம்பர் 26-ல் நிறைவேறியது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். முதல் கோப்பை உருவாக்கியவர் ஒருவர், அதை எடுத்து நடத்தி, வந்து விழுகிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் பொறுப்பேற்றுக் கடைசி வெளியீடு வரை கொண்டு போனவர் இன்னொருவர். இரண்டும் வேலைதான், இரண்டும் ஒன்றல்ல. ராவின் உழைப்பைச் சொன்னால் அம்பேத்கர் சிறுத்துவிட மாட்டார். அம்பேத்கரைச் சிறுக்க வைப்பதற்காகவே ராவின் பெயரை எடுக்கிறவர்களுக்கு ராவ் மேலும் அக்கறை கிடையாது.

ஒரு பிரிவு, நான்கு கட்டம்

மேலே சொன்னதையெல்லாம் பாடமாக நடத்தினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். முதல் வருடம் அப்படித்தான் ஆனது. அடுத்த வருடத்திலிருந்து ஒரே ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிரிவு 21, உயிரும் தனிமனித சுதந்திரமும் பற்றியது. ஆங்கிலத்தில் ஒற்றை வாக்கியம், பதினெட்டே சொற்கள். அதன் கதை இப்படிப் போகிறது.

முதல் கட்டம், 1947 ஏப்ரல். வல்லபபாய் படேல் தலைமையிலான ஆலோசனைக் குழு கொடுத்த வடிவத்தில், யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் "டியூ பிராசஸ் ஆஃப் லா" இல்லாமல் பறிக்கக் கூடாது என்று இருந்தது. இது அமெரிக்க அரசியலமைப்பிலிருந்து வந்த தொடர். தமிழில் "உரிய சட்ட நெறிமுறை" என்று சொல்லலாம். அர்த்தம் என்னவென்றால், அரசு ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டால், சட்டம் இருக்கிறதா என்று மட்டும் நீதிமன்றம் பார்க்காது. அந்தச் சட்டமே நியாயமானதா என்றும் பார்க்கும்.

இரண்டாம் கட்டம், 1947 கடைசியிலிருந்து 1948 பிப்ரவரி வரை. ராவ் அமெரிக்காவுக்குப் போகிறார். அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்திக்கிறார். இந்தத் தொடரை வைக்காதீர்கள் என்கிறார் அவர். காரணம் இருந்தது. அமெரிக்காவில் இதே தொடரை வைத்துத்தான் நீதிபதிகள் தொழிலாளர் நலச் சட்டங்களை அடித்தார்கள். பேக்கரித் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது என்ற நியூயார்க் சட்டத்தை 1905-ல் செல்லாது என்றது அந்த நீதிமன்றம். இந்தியாவில் ஜமீன்தாரி ஒழிப்பு காத்துக்கொண்டிருந்த நேரம். நாளைக்கு நம்ம நீதிபதிகளும் அப்படிச் செய்தால்? ராவ் திரும்பி வந்தார். வரைவுக் குழுவில் அந்தத் தொடர் போய், ஜப்பானின் 1946 அரசியலமைப்பில் இருந்த தொடர் வந்தது: "சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி". அதாவது, நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை எழுதி, அதன்படி உங்களைப் பிடித்தால் போதும். அது நியாயமா என்று கேட்க இடமில்லை.

மூன்றாம் கட்டம், 1948 டிசம்பர். சபையில் புயல். காஜி சையத் கரீமுதீன் பழைய தொடரே வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். வரைவுக் குழுவிலேயே இருந்த முன்ஷி, தன் குழுவின் வரைவுக்கு எதிராக எழுந்து அதை ஆதரித்தார். அல்லாடி புதுத் தொடரைக் காப்பாற்றப் பேசினார். மதராஸைச் சேர்ந்த மகபூப் அலி பேக் ஒரு கூர்மையான விஷயத்தைச் சொன்னார். ஜப்பான் சட்டத்தில் அந்தப் பிரிவுக்குப் பக்கத்திலேயே, கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலை வைத்துக்கொள்ள விட வேண்டும் என்றெல்லாம் வேறு பிரிவுகள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்களே என்றார்.

டிசம்பர் 13-ல் அம்பேத்கர் பதில் சொன்னார். எனக்கு அந்த விவாதத்திலேயே பிடித்த இடம் இதுதான். கட்சிக்காரர்களால் நிரம்பிய சட்டமன்றம் உரிமைகளைப் பறிக்கலாம், அந்த ஆபத்து உண்மை என்றார். அதே நேரம், ஐந்தாறு நீதிபதிகள் தங்கள் மனசாட்சிப்படி சட்டங்களை எடை போடுவார்கள் என்று நம்பி விட்டுவிடவும் முடியவில்லை என்றார். இரண்டுக்கும் நடுவே எதைத் தேர்ந்தெடுப்பது என்று தன்னால் தீர்மானிக்க முடியவில்லை, சபையே முடிவு செய்யட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். ஓட்டெடுப்பில் திருத்தம் தோற்றது. புதுத் தொடரே நின்றது.

நான்காம் கட்டம், 1949 செப்டம்பர் 15. நிறைவேறி முடிந்துபோன விஷயத்துக்கு அம்பேத்கர் திரும்பி வருகிறார். அந்தப் பிரிவு நிறைவேறிய விதத்தில் சபையில் பலருக்கு வருத்தம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, அதை ஈடுகட்ட இதைக் கொண்டுவருகிறேன் என்று 15-ஏ என்ற புதுப் பிரிவை வைக்கிறார். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். இன்றைய பிரிவு 22 இதுதான். ஒன்பது மாதம் முன்னால் ஜப்பானைக் காட்டி பேக் கேட்டதில் முக்கியமான இரண்டு இதில் இருப்பதைக் கவனியுங்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. தடுப்புக் காவலுக்கும் இதே பிரிவு இடம் கொடுத்தது.

சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு மாதத்துக்குள் அதன் விலை தெரிந்துவிட்டது. மதராஸ் மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஏ.கே. கோபாலன் எதிர் மதராஸ் அரசு, 1950 மே 19 தீர்ப்பு. பெரும்பான்மை நீதிபதிகள், நடைமுறை என்று சட்டம் எழுதியிருக்கிறதே, அது போதும் என்றார்கள். உரிய நெறிமுறை என்ற தொடரை வரைவுக் குழு வேண்டுமென்றே எடுத்துவிட்டது என்பதும் அவர்கள் கணக்கில் வந்தது. கோபாலனின் காவல் நீடித்தது. பிறகு 28 வருடம் கழித்து, 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1948-ல் கரீமுதீனும் முன்ஷியும் கேட்டுத் தோற்றது, ஏறக்குறைய அப்படியே, நீதிமன்றத்தின் வாசல் வழியாக உள்ளே வந்தது. பிரிவில் ஒரு எழுத்து கூட மாறவில்லை.

வகுப்பில் நடப்பது

ஏப்ரல் 1947 வடிவத்தையும் பிப்ரவரி 1948 வடிவத்தையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக அச்சடித்துக் கொடுத்துவிடுவேன். எது மாறியிருக்கிறது என்று அடிக்கோடு போடச் சொல்வேன். பிறகு இரண்டு கேள்வி: போலீஸ் உங்க அண்ணனைப் பிடிச்சா, உங்களுக்கு எந்த வரி வேணும்? ஏழைக்கு நிலம் கொடுக்கிற சட்டத்தை ஒரு நீதிபதி ரத்து செய்யக் கூடாதுன்னா, எந்த வரி வேணும்?

முதல் கேள்விக்கு மொத்த வகுப்பும் மேல் வரிக்குக் கை தூக்கும். இரண்டாவது கேள்விக்குப் பாதிக் கை இறங்கும். அந்த இடத்தில் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே சண்டை போட ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் சொல்வேன், உங்களுக்கு வந்த இதே குழப்பம் அம்பேத்கருக்கும் வந்தது, அதை அவர் சபையில் ஒளிக்காமல் சொன்னார் என்று. அதுவரை சுவரில் படமாக இருந்தவர் சட்டென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஒரு தடவை ஒரு மாணவி கேட்டாள். "சார், அப்போ தோத்துப்போனவங்க பேசினதையும் எழுதி வெச்சிருக்காங்களா?" எழுதி வைத்திருக்கிறார்கள், தொகுதி தொகுதியாக இருக்கிறது, இன்றைக்கு இணையத்திலேயே படிக்கலாம் என்றேன். அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஜெயித்தவர்கள் எழுதுவதுதான் வரலாறு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல.

எங்கள் தொழிலில், ஒரு கோப்பின் எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. அதன் பெயர் 'பிளேம்', அதாவது பழி. பெயர்தான் அப்படி. அதை நாங்கள் அதிகமாகப் பயன்படுத்துவது பழி போட அல்ல, இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. காரணம் தெரியாமல் ஒரு வரியை அழித்தால் வேறெங்கோ ஒன்று உடையும். அரசியலமைப்புக்கும் அப்படி ஒரு பதிவு இருக்கிறது. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல், கடைசிக் கோப்பையும் ஒரு பெயரையும் மட்டும் கொடுக்கிறோம்.

நேரம் இருந்தால் கே.டி. ஷாவையும் அறிமுகப்படுத்துவேன். பீகாரிலிருந்து தேர்வான பொருளாதாரப் பேராசிரியர். ஓயாமல் திருத்தம் கொடுப்பார், ஓயாமல் தோற்பார். 1948 நவம்பர் 15-ல், முதல் பிரிவிலேயே இந்தியாவை மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோஷலிச நாடு என்று எழுத வேண்டும் என்றார். சமுதாயத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை வருங்கால மக்கள் தீர்மானிக்கட்டும், இப்போதே கட்டிப்போடக் கூடாது என்று அம்பேத்கர் மறுத்தார். திருத்தம் தோற்றது. 1976-ல் 42-வது திருத்தத்தில் அந்த மூன்றில் இரண்டு சொற்கள் முகப்புரைக்குள் வந்தன. யார் சொன்னது சரி? வகுப்பு மணி அடித்த பிறகும் இது முடியாது.

அதே மாதம் 29-ஆம் தேதி தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, தீண்டாமை என்றால் என்ன என்று நீங்கள் வரையறுக்கவே இல்லையே, சில நாட்களில் பெண்களை ஒதுக்கி வைப்பதும் இதில் வருமா என்று ஷா கேட்டார். சபை அவரைப் பொருட்படுத்தாமல் மேலே போய்விட்டது. எழுபது வருடம் கழித்து, 2018 சபரிமலை வழக்கில் நீதிபதிகள் இதே இடத்தில் வந்து நின்றார்கள். மாதவிடாயைக் காரணம் காட்டி விலக்குவதும் பிரிவு 17 தடுக்கிற தீண்டாமைதான் என்று நீதிபதி சந்திரசூட் எழுதினார். அப்படி இல்லை என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா மாறுபட்டார். இதைச் சொல்லும்போது மாணவிகள் பக்கம் பேச்சே இருக்காது, கவனிப்பு மட்டும் இருக்கும்.

இரண்டு ஆட்சேபணைகள்

ஆசிரியர்கள் சொல்வது முதலாவது. "சார், சிலபஸ் முடிக்கவே நேரம் இல்ல. இது பரீட்சைக்கு வராது." நியாயம்தான். ஆனால் இதற்கு ஒரு பீரியட், 40 நிமிடம், ஒரு தாள் போதும். குழுக்களின் பட்டியலை மனப்பாடம் செய்யவைக்க இதைவிட அதிக நேரம் ஆகிறது.

இரண்டாவது ஆட்சேபணை இன்னும் கனமானது. ஒரு நண்பர் சொன்னார், அவர் தலித் குடியிருப்பு ஒன்றில் மாலை வகுப்பு எடுப்பவர். "எங்க பிள்ளைங்களுக்கு இந்த நாட்டோட சட்டத்தை எழுதினவர் நம்ம ஆளு அப்படிங்கறதுதான் முதுகெலும்பு. நீங்க அதுல போய் ராவ், முன்ஷி, ஷான்னு பங்கு பிரிக்கறீங்க." இதற்கு ரொம்ப நாள் பதில் யோசித்தேன். என் பதில் இதுதான். பெயரை மட்டும் கொடுத்தால், ஒரு ஃபார்வர்டு வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். நடந்ததைக் கொடுத்தால் பிடுங்க முடியாது. 2,473 திருத்தங்களுக்கு முகம் கொடுத்த மனிதரை, தெரியவில்லை என்று சபையில் சொல்லத் தயங்காத மனிதரை, தோற்ற பக்கத்தின் நியாயத்தை ஒன்பது மாதம் மனதில் வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்த மனிதரைத் தெரிந்துகொண்ட பிள்ளையிடம் போய் "உண்மையில் எழுதியது வேறொருவர்" என்று சொல்லிப் பாருங்கள். அது சிரிக்கும். எந்தப் பிரிவை, எந்தத் தேதியில் என்று திருப்பிக் கேட்கும்.

வினாத்தாள் தயாரிக்கிற யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அந்த ஒரு மதிப்பெண் கேள்வி இருக்கட்டும், எடுக்க வேண்டாம். அதற்குப் பக்கத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று சேருங்கள்: பிரிவு 21-இன் இரண்டு வரைவுகள் கீழே தரப்பட்டுள்ளன. எந்தச் சொற்கள் மாறின? மாற்றியதற்கு என்ன காரணம்? மாற்றக் கூடாது என்றவர்கள் சொன்ன காரணம் என்ன? நீ சபையில் இருந்திருந்தால் எதற்கு ஓட்டுப் போட்டிருப்பாய்?

கடைசிக் கேள்விக்கு எந்தப் பக்கம் எழுதினாலும் முழு மதிப்பெண் கொடுங்கள், காரணம் மட்டும் எழுதியிருந்தால் போதும்.